காப்பு அவிழ்த்த மறுநாள்

மார்ச் 20

யாரைப் பார்த்தோம், எத்தனை ஊசி கொடுத்தோம், பழைய ஊசி எத்தனை திரும்பி வந்தது என்று தினமும் எழுதுவதற்காக மையத்தில் கொடுத்த நோட்டு இது. அதற்கு ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது. இதில் என் விஷயத்தை எழுதிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு இந்தப் பங்குனிக்குக் காப்பு கட்டிப் பூக்குழி இறக்குவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கோயில் கமிட்டித் தலைவர் இருளப்பன் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டாள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் உள் அறையில் படுத்திருந்தான். அவன் காதில் விழட்டும் என்றுதான் அம்மா சத்தமாகப் பேசினாள்.

தவசி, வயது இருபத்தெட்டு. ஆறு வருடமாக நாலாம் நம்பர் பவுடர், அதாவது ஹெராயின். முதலில் புகை, நாலு வருடமாக ஊசி. போதை ஊசி போடுகிறவர்களுக்கு நோய் தொற்றாமல் புது ஊசி கொடுக்கிற மையத்தில் வேலை பார்க்கும் தங்கை எழுதுவதால் இப்படித்தான் வருகிறது.

மார்ச் 22

இம்பாலிலிருந்து மையத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். மணிப்பூர் மூலையில் தமிழ்க் கோயிலா என்று ஆச்சரியப்பட்டார். வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மெட்ராஸ் பக்கம் போய்ப் பிழைக்க முடியாமல், பர்மாவுக்கே திரும்ப நடந்து வந்தார்கள். எல்லையில் மறித்துவிட்டார்கள். மறித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இடம்தான் மோரே. இதைச் சொன்னதும் அவர் செல்போனில் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மையத்துக் கழிவறைக்குக் கதவு இல்லை என்பதை எழுதிக்கொள்ளவில்லை.

அண்ணன் ஒருநாளும் எங்கள் மையத்துக்கு வந்ததில்லை. தங்கச்சி கையால் ஊசி வாங்க அவனுக்கு வெட்கம். யாரோ போட்டதை வாங்கிப் போட்டுக்கொள்வான். என்னைக் கூப்பிடுவது மட்டும் 'டாக்டரம்மா'.

மார்ச் 23

அண்ணன் சரி என்றுவிட்டான். அம்மா அழுததால் இல்லை. நேற்று பர்மா பக்கத்து நம்பலாங் சந்தையில் அவனோடு எப்போதும் சுற்றுகிற மாங் என்பவனைப் பிடித்து அடித்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவன் இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில், "கட்டுங்கம்மா, எத்தனை நாள்?" என்று கேட்டான். பத்து நாள்.

காப்பு கட்டியவர்கள் கோயிலிலேயே தங்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு. ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வேறு ஊரில் எல்லை என்றால் ஒரு கல்லோ ஓடையோ இருக்கும். எங்களுக்கு இரண்டாம் நம்பர் கேட். பட்டாளத்துக்காரனிடம் அட்டையைக் காட்டிவிட்டு நூறு எட்டு நடந்தால் பர்மா. பவுடர் அங்கே மலிவு. அதனால்தான் அம்மாவுக்கு இந்த யோசனையே. கேட்டில் நிற்கிற துப்பாக்கி தடுக்காததை மஞ்சள் கயிறு தடுக்கும் என்று நினைக்கிறாள்.

அவள் நினைப்பது தப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 24

காப்பு கட்டியாயிற்று. மொத்தம் முப்பத்தொரு பேர். அண்ணன் கை ரொம்ப மெலிந்திருந்ததால் பூசாரி கயிற்றை மூன்று சுற்று சுற்றினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சட்டம் போட்டாள். பத்து நாளும் இந்த வீட்டில் யாரும் 'அதை'ப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. பவுடர், ஊசி, நம்பலாங் எதுவும். விரத நாளில் வாயால் கெட்டதைச் சொன்னால் விரதம் முறிந்துபோகும்.

வீட்டில் இருப்பது நானும் அவளும்தான். சட்டம் எனக்கு.

மார்ச் 25

கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. நினைத்ததுதான்.

மார்ச் 26

இன்று கோயிலில் நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா, யாரையாவது அறைவதா என்று தெரியவில்லை.

சாயங்காலப் பூஜையில் அண்ணனுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. உடம்பெல்லாம் புல்லரித்து, பல் கிட்டி, கால் தானாக உதைத்துக்கொண்டது. பவுடரை நிறுத்திய மூன்றாம் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். மையத்தில் நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். உடுக்கைக்காரர் வேகத்தைக் கூட்டினார். யாரோ 'ஆத்தா வந்துட்டா' என்றார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். குளிரில் அவன் இன்னும் நடுங்கினான். நடுங்க நடுங்க இன்னும் ஊற்றினார்கள்.

பக்கத்து வீட்டு அன்னமயில் அத்தை அவன் காலில் விழுந்து, என் மகன் கோட்டைச்சாமி திருந்துவானா ஆத்தா என்று கேட்டாள். அண்ணன், "விடுங்க, என்னை விட்டுருங்க" என்று முனகினான். 'விட்டுருவான்னு ஆத்தாளே சொல்லிட்டா' என்று இருளப்பன் மாமா எல்லாருக்கும் விளக்கினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா முகத்தில் நான் ஆறு வருடமாகப் பார்க்காத ஒன்று இருந்தது. பெருமை.

இருளப்பன் மாமாவின் கிடங்குக்குப் பாக்கு மூட்டை வருகிறது. அதோடு என்ன வருகிறது என்று ஊருக்கே தெரியும். அன்னதானமும் அவர்தான் போடுகிறார்.

மார்ச் 27

ஜெயிலிலிருந்து வெளியே வந்த ஒருவன் மையத்துக்கு வந்தான். ஐந்து மாதம் உள்ளே. தோம்பி அக்கா (எனக்கு மேலே வேலை பார்ப்பவள், மணிப்பூரின் மெய்தேய் இனத்துக்காரி, தமிழை இந்தி மாதிரி பேசுவாள்) என்னைச் சொல்லச் சொன்னாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நிறுத்தி வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டால் பழைய அளவைப் போடாதே. உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பழைய அளவு மூச்சை நிறுத்திவிடும். கால்வாசி போடு. தனியாக இருக்கும்போது போடாதே, கூட ஓர் ஆள் இருக்கட்டும்.

இரண்டு வருடத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

மார்ச் 28

நான் கோயிலுக்குப் போகக்கூடாத மூன்று நாள். அண்ணனிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. கோயிலில் போன் வைத்துக்கொள்ளக்கூடாது. சரி, பிறகு பேசிக்கொள்ளலாம்.

மார்ச் 31

போனேன். அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தென்னங்கீற்று பின்னிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது. நேற்று இரண்டு தடவை சோறு கேட்டானாம். விரதத்தில் இரண்டாம் தடவை கேட்டதற்காகப் பூசாரி திட்டியிருக்கிறார். 'ஆத்தா இறங்கின ஆளையே பட்டினி போடுறார்டி' என்று சொல்லிச் சிரித்தான். நடுக்கம் வந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். பாதி நினைவில்லை, தண்ணீர் ஊற்றியதுதான் நினைவிருக்கிறது, கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேனோ என்று பயமாக இருந்தது என்றான்.

பிறகு கீற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டாக்டரம்மா, பத்து நாள் சும்மா இருந்தா ஆசை போயிருமா?"

அம்மா மோர்க்குடத்தோடு பக்கத்தில் நின்றாள். என்னையே பார்த்தாள்.

"போயிரும்ணே. ஆத்தா பாத்துக்குவா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 1

அம்மாவிடம் சண்டை. அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும், வேலை சம்பந்தமானது, ஒரே ஒரு விஷயம் என்றுதான் ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திரும்பப் போடுவான்னு நீயே முடிவு பண்ணிட்டியா? அவனுக்கு எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் குடுக்கப் போறியா? உன் ஊசி ஆபீஸ் புத்தியை என் வீட்டுக்குள்ள கொண்டாராத."

இனி போடவே மாட்டான் என்று ஊர் முழுக்க நம்புகிற ஒருவனிடம், போடும்போது எப்படிப் போட வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? பூக்குழி முடியட்டும்.

ஏப்ரல் 2

பூக்குழி. வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அண்ணன் பதினாறாவது ஆள். ஓடவில்லை. மற்றவர்கள் நாலு எட்டில் தாவிப் போனபோது இவன் நடந்தான். பால் ஊற்றிய குழியில் காலை வைத்துவிட்டுத் திரும்பி எங்களைத் தேடினான். என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினான், சின்ன வயதில் மரத்திலிருந்து குதித்துவிட்டுச் செய்வதைப் போல.

அம்மா மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

அவ்வளவு அழகாக இருந்தான். அந்த நாளில் யாராவது போய்க் காதில் அந்தப் பேச்சைப் பேசுவார்களா?

ஏப்ரல் 3

மஞ்சள் நீராட்டு. காப்பு அவிழ்த்தார்கள். எல்லாரும் கயிற்றை ஆற்றில் விட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். பாதத்தில் இரண்டு கொப்புளம். மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

நாளைக்கு நம்பலாங் போகிறானாம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்க் வாங்க வேண்டுமாம், டீ ஆறிப்போகிறது என்று எத்தனை வருடமாகப் புலம்புகிறாள் என்றான். அம்மாவுக்கு ஒரு நிமிடம் முகம் மாறியது. உடனே சரியாக்கிக்கொண்டாள். காலையில் போய்ட்டுச் சீக்கிரம் வா என்றாள். நம்பாவிட்டால் விரதம் பொய்யாகிவிடும்.

பிளாஸ்க் இந்தப் பக்கமும் கிடைக்கும். எங்கள் தெரு முனையிலேயே கிடைக்கும்.

ஏப்ரல் 4, காலை

மையத்தில் கணக்கு இடிக்கிறது. ஊசிப் பொட்டலம் ஒன்று குறைகிறது. தோம்பி அக்கா எண்ணியதில் தப்பு இருக்கும்.

அண்ணன் எட்டு மணிக்குக் கிளம்பினான். சட்டையை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9

எழுதிவிடுகிறேன்.

நாலாம் தேதி மதியம் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். இந்தியக் கணக்கில் நாலு மணிக்குக் கேட் மூடும். அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கிருந்து வருகிறவர்கள் எப்போதும் அவசரமாக வருவார்கள். அண்ணன் அவசரப்படாமல் வந்தான். இரண்டு மணிகூட ஆகவில்லை. கையில் சிவப்பு பிளாஸ்க். நடை தெளிவாக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. நான் அவன் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். 'போலீஸ்காரி மாதிரி பார்க்காதடி' என்றான். இரண்டு பேரும் டீ குடித்தோம். அவனே காசு கொடுத்தான்.

அங்கே போட்டுக்கொண்டு வரவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது மட்டும் போதும் என்று நினைத்தேன். மையத்துக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பிளாஸ்க்கைக் கொடுத்திருக்கிறான். அம்மா உடனே டீ போட்டு அதில் ஊற்றி வைத்திருக்கிறாள். குளித்துவிட்டு வந்து குடிக்கிறேன் என்று சொல்லிக் குளியலறைக்குப் போயிருக்கிறான். அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ட்ரம்மிலிருந்து வருகிற ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உடம்பில் ஒட்டின மஞ்சளைத் தேய்த்துக் கழுவுகிறான் என்று நினைத்திருக்கிறாள். ரொம்ப நேரம் ஆனதும், 'தண்ணியை வீணாக்காதடா, லாரி வர இன்னும் ரெண்டு நாள் ஆகும்' என்று கத்தியிருக்கிறாள். மறுபடி கத்தியிருக்கிறாள். ட்ரம் காலியாகிச் சத்தம் நின்ற பிறகுதான் எழுந்து போயிருக்கிறாள்.

மூச்சைத் திருப்புகிற மருந்து எங்கள் அலமாரியில் ஒன்பது இருந்தது. வீட்டுக்கும் மையத்துக்கும் நடந்தால் பத்து நிமிடம்.

தகவல் வந்ததும் தோம்பி அக்கா என்னோடு ஓடி வந்தாள். மருந்தைப் போட்டாள். நெஞ்சை அமுக்கினாள், நிறுத்தவே இல்லை. பிறகு நிறுத்தினாள். குளியலறைத் தரையில் கிடந்த ஊசியின் காகித உறையை எடுத்துப் பார்த்தாள். மையத்தின் முத்திரை இருந்தது. என்னைப் பார்க்காமல் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 11

மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். இருளப்பன் மாமா ஏற்பாடு. குடும்ப மானத்துக்காகச் செய்தேன் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். பூக்குழி இறங்கின மூணாம் நாளு, உடம்புல மஞ்சள் வாசம் போகலை, சுத்தமான பிள்ளையா ஆக்கி ஆத்தாளே எடுத்துக்கிட்டா. அம்மாவும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிலைக்கிறது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. அடுப்பு பற்ற வைக்கவில்லை.

ட்ரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வந்தபோது நாங்கள் பிடிக்கவில்லை. ஆனால் மதியம் கண்ணை மூடினால் குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. திரும்பி வந்தால் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 16

மையத்தில் ஒருவனிடம் அந்தப் பேச்சைப் பேச வேண்டியிருந்தது. 'நிறுத்தி வச்சிருந்துட்டு' என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. தோம்பி அக்கா மிச்சத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பின்கட்டுக்கு அனுப்பினாள்.

ஏப்ரல் 19

பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்ததும் இருளப்பன் மாமா எழுந்து பேசினார். கோயிலில் தவசி படம் மாட்டப் போகிறார்களாம். ஆடியில் இன்னொரு காப்பாம். ஊரில் இந்தப் பழக்கத்தில் கெட்டுப்போன பிள்ளைகள் எல்லாருக்கும் மொத்தமாகக் கட்டப் போகிறார்களாம். அன்னதானச் செலவு அவருடையது. அங்கேயே ஏழு தாய்மார் பெயர் கொடுத்தார்கள். அன்னமயில் அத்தைதான் முதல் பெயர்.

ஏழு பேர். பத்து நாள் நிறுத்துவார்கள். பதினோராம் நாள் கேட்டைத் தாண்டுவார்கள். ஒரு தாயும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டாள், வாயால் கெட்டதைச் சொன்னால் விரதம் முறிந்துவிடும்.

நான் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 20

அன்னமயில் அத்தை காலையில் வந்தாள். தவசி கட்டிய மஞ்சள் வேட்டி இருந்தால் கொடு, கோட்டைச்சாமிக்கு ஆடியில் அதைத்தான் கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவினாள். பிறகு, துவைத்துத் தருகிறேன், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டாள்.

அவள் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பூக்குழிக்கு முந்தின நாளு அவன்கிட்ட என்னமோ சொல்லணும்னியே. என்ன அது?"

சொன்னேன். மையத்தில் சொல்கிற மாதிரியே, ஒரு சொல் விடாமல் சொன்னேன். இந்தத் தடவை வந்தது.

அம்மா வேட்டியின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

"அன்னைக்கு நம்பலாங்குக்கு எதுக்குப் போறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சட்டைப் பையில ஊசி வச்சது நான்தாம்மா. எவன் போட்டதையோ வாங்கிப் போடுவான்னு பயந்து புதுசு வச்சேன். வாயைத் திறந்து சொல்லத்தான் வரலை."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"நான்தான் உன் வாயை அடைச்சேன்" என்றாள். பிறகு, "அந்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்லு. அவன் எப்படிச் செத்தான்னும் சேர்த்துச் சொல்லு. என்கிட்ட இனிமே பேசாத" என்றாள்.

ஏப்ரல் 21

முதல் வீடு அன்னமயில் அத்தை. மாரடைப்பு இல்லை, ஊசி என்றேன். சாமிகிட்டப் போன பிள்ளையை இப்படிப் பேச உனக்கு நாக்கு எப்படி வந்தது என்று கதவைச் சாத்தினாள். மூடிய கதவைப் பார்த்து முழுவதும் சொன்னேன். தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். மத்தியானத்துக்குள் இருளப்பன் மாமா மையத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். கோயில் காரியத்தில் தலையிட்டால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று. கட்டடம் அவர் மைத்துனருடையது. தோம்பி அக்கா வந்தவனுக்கு டீ கொடுத்து அனுப்பினாள். என்னிடம், "தும் ஜாவ். மிச்ச வீடு போ" என்றாள்.

ஏப்ரல் 22

இரண்டாவது வீட்டில் ஆள் இல்லை என்றார்கள். உள்ளே டிவி ஓடியது. மூன்றாவது வீட்டில் அந்தப் பையனின் அப்பா, உன் அண்ணனைத் தின்னுட்டு என் மகனையும் கேக்கிறியா என்றார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா பேசவில்லை. தட்டில் சோறு இருக்கிறது. எதிரே உட்காருவதில்லை.

ஏப்ரல் 23

நாலாவது வீடு மரக்கிடங்குக்குப் பின்னால். அந்தத் தாய் பெயர் சின்னப்பொண்ணு. ரொட்டி சுட்டு விற்கிறவள். அடுப்பிலிருந்து எழுந்திருக்காமல் கேட்டாள், குறுக்கே பேசவில்லை. அவள் மகன் சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் போர்வையைத் தலைவரை மூடிப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். நான் முடித்ததும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப எவ்வளவுக்கா போடணும்?"

சின்னப்பொண்ணு ரொட்டியைத் திருப்பிப் போடவில்லை. கருகும் வாசம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அவள் அடுப்படியில், அவள் காது கேட்க, அவள் மகனுக்கு விஷத்தின் அளவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கட்டில் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். இப்போது எவ்வளவு போடுகிறாய் என்று முதலில் கேட்டேன்.